வேலை இழந்தவன் வீணனா?



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் வேப்பமர நிழலில் நாம் நின்றுகொண்டிருந்தோம். உடன் பங்குப் பெரியவர்கள் நால்வர் இருந்தனர். பேச்சு மழையைப் பற்றித் தொடங்கி, விலைவாசியைத் தொட்டு, இறுதியில் நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் வந்து நின்றது. சென்னையில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். அந்நிறுவனம் செய்த ஆட்குறைப்பில் வேலையை இழந்து, பெற்றோரிடம் திரும்பி வந்திருந்தார்.

"என்னதான் சொன்னாலும், ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் எதற்கு அனுப்பப் போகிறான்? அத்தனை பேரில் இவனை மட்டும் ஏன் பொறுக்கி எடுத்தான்?" என்றார் ஒரு பெரியவர். அவர் தீய மனத்தினர் அல்லர். நாற்பது ஆண்டுகள் பஞ்சாலையில் உழைத்து, ஒரு நாளும் தாமதமாகச் சென்றறியாதவர். அவர் சொன்னதற்கு மற்றவர்கள் தலையசைத்தனர். உண்மையை மறைப்பானேன்? நாமும் தலையசைத்தோம்.

அடுத்த வாரம் அவ்விளைஞரின் தாய் நம்மைக் காண வந்தார். "ஐயா, பெண் வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேலை போனதற்காகக்கூட இல்லையாம். இவன் சரியாக வேலை செய்யாததால்தான் போயிற்று என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். இப்போது அவன் முதல் பூசைக்கு இருட்டோடு போய்விட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் வந்துவிடுகிறான். முன்பு வாசகம் வாசித்த பிள்ளை ஐயா!" என்று கூறிக் கண் கலங்கினார். அந்த 'யாரோ' யாவர் என்று அவர் கேட்கவில்லை. ஆயினும் வேப்பமர நிழலில் அசைந்த நம் தலை நம் நினைவுக்கு வந்தது.

பெரிய நிறுவனங்கள் ஆட்களைக் குறைக்கும்போது, வேலை செய்யாதவரைத்தான் நீதியாகத் தேர்ந்து வெளியேற்றுகின்றனவா? இக்கேள்வியை இம்மாதம் நாம் ஆராய்வோம். ஒரு குடும்பத்தின் மானம் இதில் அடங்கியிருப்பதால், மேம்போக்காகப் பேசிக் கடந்துவிடலாகாது.

ஒரு சொல்லில் இரு பொருள்

முதற்கண், நாம் ஒன்றாக்கிக் குழப்பும் இரு செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஒருவர் குற்றம் செய்தார் என்பதற்காக, விசாரணை நடத்தி, அவரை வெளியேற்றுவது பணிநீக்கம். நிறுவனத்திற்கு இத்தனை ஆட்கள் வேண்டா என்பதற்காக வெளியேற்றுவது ஆட்குறைப்பு. முன்னது ஆளைப் பற்றிய தீர்ப்பு. பின்னது எண்ணிக்கையைப் பற்றிய முடிவு.

இவ்வேறுபாடு நம் நாட்டுச் சட்டத்திலேயே உள்ளது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்தால் வேலையினின்று விடுவிப்பதையே ஆட்குறைப்பு என வகுத்தது. அதாவது, ஆட்குறைப்பு தண்டனை அன்று என்பது அதன் இலக்கணத்திலேயே அடங்கியுள்ளது. ஓராண்டேனும் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளிக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தருதல் வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோராண்டிற்கும் பதினைந்து நாள் ஊதியம் இழப்பீடாகக் கொடுத்தல் வேண்டும். யாரை முதலில் அனுப்புவது என்பதற்கும் அச்சட்டம் ஒரு விதி கூறிற்று: பொதுவாக, கடைசியில் சேர்ந்தவர் முதலில் செல்வார். அதை மீற வேண்டுமாயின் காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவர்க்கு முன்னுரிமை தருதல் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும், பழைய சட்டத்தின் பிற பகுதிகள் பலவற்றை மாற்றிய போதிலும், கடைசியில் வந்தவர் முதலில் செல்வார் என்னும் நெறியைக் கைவிடவில்லை.

இவ்விதியைக் கேட்டவுடன், "நன்றாக உழைக்கும் புதியவரை அனுப்பிவிட்டுச் சோம்பித் திரியும் பழையவரை வைத்துக்கொள்வதா?" என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆனால் சட்டம் செய்தோர் உலகம் அறிந்தவர்கள். 'திறமையற்றவர்' என்ற பட்டியலை எழுதும் உரிமையை மேலாளரிடம் விட்டுவிட்டால், தட்டிக் கேட்டவர், சங்கம் அமைத்தவர், முகத்துதி அறியாதவர், பிள்ளைப்பேற்று விடுப்பில் இருப்பவர் ஆகியோர் பெயரே அதில் முதலில் ஏறும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். ஆகவேதான் மனிதர் கைபடாத ஓர் அளவுகோலை, நாள்காட்டியை, அவர்கள் தேர்ந்துகொண்டனர்.

பத்தில் ஒருவரைக் களைதல்

நிற்க. திறமையற்றவரைக் களைவதே நீதி என வெளிப்படையாக வாதாடியவர்களும் உண்டு. அவர்களுள் தலையாயவர் அமெரிக்க நாட்டு ஜாக் வெல்ச். ஜெனரல் எலெக்ட்ரிக் என்னும் மாபெரும் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்தியவர். 1980-இன் இறுதியில் அந்நிறுவனத்தில் சுமார் 4,11,000 பேர் இருந்தனர். 1985-இன் இறுதியில் சுமார் 2,99,000 பேரே இருந்தனர். விற்கப்பட்ட பிரிவுகளோடு சென்றவர்களும் இக்கணக்கில் அடங்குவர். கட்டடங்களை விட்டுவைத்து மனிதரை மட்டும் அழிக்கும் நியூட்ரான் குண்டை நினைந்து, செய்தியாளர்கள் அவரை 'நியூட்ரான் ஜாக்' என்று அழைத்தனர்.

அவர் வகுத்த முறை இது: ஒவ்வொரு மேலாளரும் தம் கீழுள்ளோரை மூன்றாகப் பிரித்தல் வேண்டும். மேலே 20 விழுக்காட்டினர், நடுவே 70, கீழே 10. மேலோர்க்குப் பரிசும் பங்குப் பத்திரமும், கீழோர்க்கு வெளிவாயில். ஆண்டுதோறும் இவ்வாறே நடைபெறும். இதில் கருணையே உள்ளது என்பது அவர் வாதம். இருபத்தாறு வயதில், "இவ்வேலை உனக்குப் பொருந்தாது, வேறு வழி பார்" என்று உண்மையைக் கூறுவது நன்று. ஐம்பது வயதுவரை பொய்யாகப் புகழ்ந்து வைத்திருந்து, பிள்ளைகள் கல்லூரியில் படிக்கும் காலத்தில் தெருவில் விடுவதே கொடுமை என்பார்.

இவ்வாதத்தில் உண்மை இல்லை என நாம் சொல்லமாட்டோம். வேலையில் ஏய்ப்பவரின் சுமையை உழைப்பவரே சுமக்கிறார். பள்ளியிலும், மருத்துவமனையிலும், ஏன், நம் பங்கு விழாக் குழுவிலும் இதை நாம் கண்டதில்லையா? குறையை முகத்துக்கு நேரே, காலத்தே, அன்போடு சொல்லுவது நற்செயலே. சொல்லியும் திருந்தாதவரை விடுவிப்பதில் அநீதி இல்லை.

ஆனால் கணக்கில்தான் பிழை. பத்துப் பேர் கொண்ட குழுவில் பத்துப் பேரும் நன்கு உழைத்தால் என்ன செய்வது? அப்போதும் ஒருவர் கடைசியாகத்தான் வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் எண்பதுக்கு மேல் மதிப்பெண் பெற்றுள்ளனர். ஆயினும் நால்வரைத் தோல்வியுறச் செய்தே தீர வேண்டும் என்று தலைமையாசிரியர் ஆணையிட்டால் எந்தத் தாய் பொறுப்பாள்? அடுத்த வகுப்பிலோ பாதிப் பேர் புத்தகத்தையே திறக்கவில்லை. அங்கும் நால்வர் மட்டுமே தோல்வி. முதல் வகுப்பில் தோற்றவன், இரண்டாம் வகுப்பில் தேறியவனைவிடக் கெட்டிக்காரன். எனினும் ஊர் அறிவது 'தோற்றவன்' என்ற சொல்லை மட்டுமே.

மேலும், இம்முறை நடக்கும் இடத்தில் அயலாருக்கு உதவுவது தனக்குத் தானே குழி தோண்டுவதாகும். பக்கத்து இருக்கைக்காரர் இடர்ப்பட்டால் என் இடம் உறுதிப்படுகிறது. கெட்டிக்காரர்கள் கெட்டிக்காரர்களோடு ஒரே குழுவில் சேர அஞ்சுவர். மைக்ரோசாப்ட் நிறுவனம் நெடுங்காலம் இத்தகைய தரவரிசையைக் கையாண்டு, 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. என்ரான் நிறுவனமும் கடைநிலையினரைக் களையும் முறைக்குப் பெயர் பெற்றிருந்தது; கணக்கு மோசடியால் 2001 டிசம்பரில் அது திவாலாயிற்று. கீழ்வரிசையினரை ஆண்டுதோறும் சலித்துப் பார்த்த அந்நிறுவனத்தில், மேல்வரிசையினரின் வஞ்சகத்தைச் சலிக்கச் சல்லடை இருக்கவில்லை.

சிவப்பு மணிகள் கற்பிக்கும் பாடம்

எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞரைப் பற்றி வாசகர் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1900 முதல் 1993 வரை வாழ்ந்தவர். போருக்குப் பின் ஜப்பானின் ஆலைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்தவர். அவர் பெயரால் ஜப்பானில் 1951 முதல் பரிசு வழங்கப்படுகிறது. தம் பயிற்சி வகுப்புகளில் அவர் ஒரு விளையாட்டை நடத்திக் காட்டுவார்.

ஒரு பெட்டியில் 4,000 மணிகள். அவற்றுள் 3,200 வெள்ளை, 800 சிவப்பு. வகுப்பினரிடமிருந்து ஆறு பேரைத் 'தொழிலாளர்' என அழைப்பார். ஐம்பது குழிகள் உள்ள சிறு பலகையைப் பெட்டிக்குள் அமிழ்த்தி எடுத்தல் வேண்டும். வெள்ளை மணி நல்ல சரக்கு. சிவப்பு மணி கழிவு. டெமிங் தாமே கண்டிப்பான மேற்பார்வையாளராக நடிப்பார். ஒருவருக்கு ஆறு சிவப்பு மணிகள் வந்தால், "இவரைப் பாருங்கள், இவரல்லவோ தொழிலாளி!" எனப் பாராட்டுவார். மற்றொருவருக்குப் பதினைந்து வந்துவிட்டால் எச்சரிக்கை. மறுநாள் பாராட்டுப் பெற்றவருக்குப் பதினான்கு வரும். "தலைக்கனம் ஏறிவிட்டது" என்பார். எச்சரிக்கை பெற்றவருக்கு எட்டு வரும். "திட்டியதில் திருந்திவிட்டார்" என்பார். இறுதியில், நிறுவனத்தைக் காப்பாற்றுவதற்காக என்று சொல்லி, மோசமான மூவரை அனுப்பிவிட்டு, சிறந்த மூவரை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். சிவப்பு மணிகளோ குறைவதில்லை.

எப்படிக் குறையும்? பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு. ஐம்பது குழிகளில் சராசரியாகப் பத்துச் சிவப்பு வந்தே தீரும். ஒருவருக்கு ஏழும் மற்றவருக்குப் பதின்மூன்றும் வருவது தற்செயல். அதில் உழைப்பும் இல்லை, சோம்பலும் இல்லை. பெட்டியை நிரப்பியவர் நிர்வாகி. பழியைச் சுமந்தவர் பலகையைப் பிடித்தவர். ஒவ்வொருவர் வேலையிலும் ஆளின் பங்கு எவ்வளவு, பெட்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியாமல் தரவரிசை இடுவது, சீட்டுக் குலுக்கிப் பரிசும் தண்டனையும் வழங்குவதற்கே ஒப்பாகும்.

நம் வீடுகளிலும் இது விளங்கும். ஒரே திறமையுள்ள அண்ணன் தம்பி இருவர். ஒருவருக்கு ஆற்றுப் பாசனம். மற்றவருக்கு மானாவாரி மேட்டுநிலம். அறுவடையை மட்டும் அளந்து, தம்பியைச் சோம்பேறி என்று சொன்னால் அது நீதியாகுமா?

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள்

இனி, செய்தித்தாள்களில் நாம் படித்தவற்றை இவ்வொளியில் நோக்குவோம். 2022 நவம்பரில், முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 11,000-க்கும் மேற்பட்டோரை, அதாவது 13 விழுக்காட்டினரை, வெளியேற்றியது. அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க் தம் அறிவிப்பில், கொள்ளை நோய்க் காலத்தில் பெருகிய வியாபாரம் நிலைத்து நிற்கும் என்று எண்ணித் தாம் முதலீட்டைப் பெருக்கியதாகவும், அக்கணிப்பு தவறியதாகவும், பொறுப்பு தம்முடையது எனவும் ஒப்புக்கொண்டார். ஆள் சேர்க்கும் பிரிவினரே மிகுதியாகப் பாதிக்கப்படுவர் என்றும் அறிவித்தார். ஆட்களைத் தேடிச் சேர்ப்பதே அவர்கள் வேலை. தலைவர் கேட்டபடி சேர்த்துக் கொடுத்தார்கள். இனி ஆள் வேண்டா என்றதும் வேலை இழந்தார்கள். இவர்களைத் திறமையற்றவர் என்பது எப்படிப் பொருந்தும்? கணிப்புத் தவறியவர் நாற்காலியில் இருக்கிறார். கணிப்பை நிறைவேற்றியவர் வீட்டில் இருக்கிறார்.

அதே நிறுவனம் 2025 ஜனவரியில் வேறொரு முறையைக் கையாண்டது. செயல்திறன் குறைந்தோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரை அனுப்பப் போவதாகத் தலைவர் எழுதினார். பிப்ரவரி 10-ஆம் நாள் முதல் பெயர்கள் தெரிவிக்கப்பட்டன. வாசகர்கள் இவ்வரிசையைக் கூர்ந்து நோக்க வேண்டுகிறோம். ஜனவரியில் எண்ணிக்கை வந்தது. பிப்ரவரியில் பெயர் வந்தது. குற்றவாளிகள் இத்தனை பேர் என்று முதலில் முடிவுசெய்து, பின்னர் ஆட்களைத் தேடும் நீதிமன்றத்தை நாம் எங்கேனும் கண்டதுண்டா? தமக்கு முன்னர் நல்ல மதிப்பீடே வழங்கப்பட்டிருந்தது எனவும், பிள்ளைப்பேற்று விடுப்பில் இருந்தபோதே தம் பெயர் சேர்ந்தது எனவும் வெளியேற்றப்பட்டோர் சிலர் கூறியதைச் செய்தித்தாள்கள் வெளியிட்டன. அந்நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் ஈட்டிய நிகர இலாபம் 6,200 கோடி டாலருக்கும் மேல். வறுமையால் அனுப்பவில்லை என்பது வெளிப்படை. முன்னைய ஆட்குறைப்பில் மக்கள் வேலையை மட்டும் இழந்தனர். இம்முறை நற்பெயரையும் சேர்த்து இழந்தனர்.

நம்மவர் பலர் பணிபுரியும் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனமும் 2025 ஜூலையில், தன் ஊழியரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, 12,000-க்கும் மேற்பட்டோரை, ஓராண்டிற்குள் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, உயர்நிலைப் பணியாளர்களே பாதிக்கப்படுவர் எனத் தெரிவித்தது. புதிய தேவைக்கேற்ற திறன் அமையாமையும், தக்க பணியில் அமர்த்த இயலாமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. 'பணியில் அமர்த்த இயலாமை' என்பதைச் சற்று விளக்குவோம். மென்பொருள் நிறுவனங்களில் ஒரு வாடிக்கையாளரின் வேலை முடிந்ததும், அடுத்த வேலை வரும்வரை ஊழியர் காத்திருப்பார். இதனைப் 'பெஞ்ச்' என்பர். கடல் கடந்த நாட்டில் ஒரு வங்கி தன் செலவைச் சுருக்கினால், சென்னையில் ஒருவர் பெஞ்சுக்கு வருகிறார். அவர் அங்கே இருப்பது அவருடைய சோம்பலுக்கு அடையாளம் அன்று. அதிலும், பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவரின் ஊதியத்தைத் தாங்கும் புதிய வேலை எளிதில் அமைவதில்லை. அவருடைய அனுபவமே அவருக்குப் பாரமாகிறது.

திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலையை வட மாவட்டத்து வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை, 2011-க்குள் 50 கோடிக் கைப்பேசிகளைச் செய்து அனுப்பிற்று. அங்கு உழைத்தோரில் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் மிகப் பலர். வரித் தகராற்றால் ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. ஆகவே 2014-இல் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இவ்வாலை அதில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் உற்பத்தி நின்றது. ஐம்பது கோடி கருவிகளைச் செய்த கைகளைப் பார்த்து, 'உற்பத்தித் திறன் இல்லாதவை' என்று எவரேனும் கூற முடியுமா?

மூன்று கேள்விகள்

அவ்வாறாயின், வேலை இழந்தோர் அனைவருமே சிறந்த உழைப்பாளிகளா எனின், அதுவும் உண்மையன்று. பன்னிரண்டாயிரம் பேரில் ஏய்ப்பவர் சிலர் இருக்கத்தான் செய்வர்; வேலையில் தங்கியவர்களிலும் அத்தகையோர் இருப்பர். நாம் சொல்ல வருவது இதுவே: ஒருவர் பெயர் ஆட்குறைப்புப் பட்டியலில் உள்ளது என்பது, அவர் உழைப்பைப் பற்றி நமக்கு எதையும் மெய்ப்பிப்பதில்லை.

நீதியாகத் தேர்ந்தார்களா என்று அறிய விரும்புவோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது, எண்ணிக்கை முதலில் வந்ததா, பெயர் முதலில் வந்ததா? இரண்டாவது, குறை இருந்ததென்றால் அதை முன்னரே எடுத்துக் கூறித் திருந்த வாய்ப்பளித்தார்களா? மூன்றாவது, அளக்கப்பட்டது அவர் கைவசம் இருந்த ஒன்றா, அல்லது பெட்டியிலிருந்த சிவப்பு மணியா? இம்மூன்றிற்கும் நேரிய விடை கிடைத்தாலன்றி, 'வேலை செய்யாதவர்' என்ற சொல்லை வாயில் எடுக்க நமக்கு உரிமை இல்லை.

நம் பங்குகளிலும் அச்சகமும், துணிக்கடையும், பட்டறையும் நடத்துவோர் உள்ளனர். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியாபாரம் நொடித்து ஆளைக் குறைக்க நேரிடலாம். அது பாவம் அன்று. ஆனால் அப்போது, "உன்னால் அன்று, என் நிலைமையால் அனுப்புகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை எழுதியும் கொடுங்கள். கொடுக்க வேண்டியதைக் குறைக்காமல் கொடுங்கள். குறைந்த தொகைக்கு முடித்துக்கொள்வதற்காக அவர்மேல் குற்றம் சுமத்துவது, கூலியை மறுப்பதோடு பெயரையும் திருடுவதாகும்.

திருச்சபையின் நோக்கு

நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, 1891 மே 15-ஆம் நாள் வெளியிட்ட சுற்றுமடலில் தொழிலாளரின் உரிமைகளை உலகறிய எடுத்துரைத்தார். அதன் தொண்ணூறாம் ஆண்டு நிறைவில், 1981-இல், இரண்டாம் யோவான் பவுல் உழைப்பைக் குறித்தே ஒரு சுற்றுமடல் எழுதி, உழைப்பின் மதிப்பு முதற்கண் செய்யப்படும் பொருளைக் கொண்டு அன்று, செய்பவர் மனிதர் என்பதைக் கொண்டே அமைகிறது எனக் கற்பித்தார். 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, தாம் அப்பெயரைத் தெரிந்துகொண்டதற்கு 1891-இன் சுற்றுமடலையும், செயற்கை நுண்ணறிவால் தொழிலுலகில் இன்று எழுந்துள்ள கேள்விகளையும் காரணமாகச் சுட்டினார்.

நற்செய்தியில் வரும் திராட்சைத் தோட்டத்து உவமையையும் நினைவுகூர்வோம். மாலை ஐந்து மணிக்குத் தோட்ட உரிமையாளர் சந்தைவெளிக்குச் சென்று, நாள் முழுதும் வேலையின்றி நின்றவர்களைக் காண்கிறார். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என வினவுகிறார். அவர்கள் தந்த விடையை நாம் விரைந்து படித்துக் கடந்துவிடுகிறோம். தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அவ்விடை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சோம்பேறியாயின் மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றிருக்கமாட்டான். வீட்டிற்குச் சென்று உறங்கியிருப்பான். உரிமையாளர் அவர்கள் விடையை நம்பினார். மேலும் விசாரியாமல் தோட்டத்திற்கு அனுப்பினார்.

நாம் செய்யத்தக்கவை

வேலை இழந்தவர் நம் வீட்டிலோ அயல் வீட்டிலோ இருப்பின், முதலில், "என்ன தப்பு செய்தாய்?" என்ற கேள்வியை விட்டொழிப்போம். "அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்போம். வெளியேற்றும் நாளில், தாமே விலகுவதாக எழுதித் தருமாறு வற்புறுத்துவது பல இடங்களில் வழக்கமாகியுள்ளது. ஆத்திரத்திலோ அச்சத்திலோ எதிலும் கையெழுத்திடாமல், எழுத்தில் காரணம் கேட்டு, விவரமறிந்த வழக்கறிஞரையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ அணுகுதல் நலம். மேலாண்மைப் பதவியினருக்குச் சட்டத்தின் இப்பாதுகாப்பு கிட்டுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் பதவியின் பெயரைவிடச் செய்யும் வேலையின் தன்மையே அதில் முதன்மையாகக் கருதப்படுகிறது. அனுபவச் சான்றிதழையும், வருங்கால வைப்பு நிதி விவரங்களையும் தவறாமல் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். வேலை இழந்த மகனை உறவினரிடமிருந்து ஒளிக்காதீர்கள். ஒளிப்பது, ஒளிக்கத்தக்க குற்றம் உண்டு என்று அவனிடமே கூறுவதாகும்.

நம் கதைக்குத் திரும்புவோம். அத்தாய் வந்து சென்ற மறுநாள் மாலை, பஞ்சாலையில் உழைத்த அப்பெரியவரை நாம் அவர் இல்லத்தில் கண்டோம். சிவப்பு மணிகளைப் பற்றியும் பெஞ்சைப் பற்றியும் அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எங்கள் ஆலையில் பழைய தறிகளை விற்றபோது அந்தப் பகுதி ஆட்கள் அத்தனை பேரையும் கணக்குத் தீர்த்தார்கள். நான் அடுத்த பகுதியில் இருந்தேன். அதனால் தப்பினேன்" என்றார். ஞாயிறன்று அவர் வைகறையில் எழுந்து முதல் பூசைக்குச் சென்று, அவ்விளைஞரின் அருகே அமர்ந்தார். நாமும் உடன் சென்றோம். பூசை முடிந்து வெளியே வந்ததும், "தம்பி, அன்றைக்கு நான் ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிட்டேன்" என்றார். நாமும் நம் தலையசைப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

அவ்விளைஞர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். நின்றுபோன திருமணப் பேச்சு மீண்டும் தொடங்கவில்லை. பேசிய சொல்லைப் பெண் வீட்டாரின் செவியிலிருந்து எடுத்துவிட நம்மால் இயலவில்லை. ஆனால் வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்க அவர் இசைந்துள்ளார். அன்று திருப்பலிக்குப் பின் வேப்பமர நிழலில் அவரோடு நின்று பேச நம் பங்கு மக்கள் பலர் வருதல் வேண்டும் என்பது நம் விருப்பம்.